புயல் இரவில் ராமேஸ்வரத்தில் இருந்த ஜெமினி

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் ஜெமினி கணேசன் என்று பேச்செடுத்தால், வயதானவர்கள் முதலில் படத்தைச் சொல்ல மாட்டார்கள். புயலைத்தான் சொல்வார்கள். 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன இரவு. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை எட்டும் முன்பே அலையில் போனது. பாம்பன் பாலம் சிதைந்து தீவு தனித்துப்போனது. அந்த இரவில் ஜெமினியும் அவர் மனைவி நடிகை சாவித்திரியும் ராமேஸ்வரத்தில் இருந்தார்கள். உயிர் தப்பினார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. மண்டபம் பக்கம் எங்கள் வீடு. சில நாள் கழித்து, உடைந்த வத்தைகளை, அதாவது படகுகளைத் தேடிக் கரையில் நின்றவர்களிடம் அந்தச் செய்தி வந்தது. தனுஷ்கோடியில் இருந்த சொந்தக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த என் அம்மா, “அவுகளுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றுதான் கேட்டார்.

ஏன் கேட்டார் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஜெமினி புதுக்கோட்டையில் பிறந்தவர். சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில் படித்தவர். ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்து, அந்தப் பெயரே அவரோடு ஒட்டிக்கொண்டது. 1947-இல் ஒரு சின்ன வேடம், 1952-இல் ‘தாய் உள்ளம்’ படத்தில் வில்லன், மறுவருடம் ‘மனம்போல் மாங்கல்யம்’ படத்தில் கதாநாயகன். அப்புறம் ஏறுமுகம்தான்.

எம்.ஜி.ஆர். படம் என்றால் எங்கள் டென்ட் கொட்டகையில் விசில் பறக்கும். சிவாஜி வசனம் பேசினால் கைதட்டு. ஜெமினி படத்துக்குக் கொட்டகை அமைதியாக இருக்கும். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வது மட்டும் தெரியும். ‘கல்யாணப் பரிசு’, 1959-இல் வந்த படம். காதலித்தவளின் அக்காளைக் கட்டிக்கொண்டு, அவளையும் இழந்து, கடைசியில் குழந்தையைக் காதலிக்கே கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறவனாக நடித்தார். அழுது புரண்டிருந்தால் அந்த முடிவே கெட்டுப்போயிருக்கும். அவர் குரலை உயர்த்தவில்லை. எதிரே இருப்பவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருக்கிற முகம் அவருக்கு உண்டு. கேட்கத் தெரிந்த நடிகர்கள் எத்தனை பேர்?

சாம்பார் என்று அவரைக் கேலி பேசியவர்கள் இருந்தார்கள். எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘பாசமலர்’ இரண்டிலும் சிவாஜிக்குப் பக்கத்தில் அடக்கமாக நின்றார். ‘களத்தூர் கண்ணம்மா’வில் நம் பரமக்குடிப் பிள்ளை கமல்ஹாசன் சிறுவனாக வந்து மனசை அள்ளிக்கொண்டு போக, அப்பாவாக நடித்த இவர் இடம்விட்டு நின்றார். இடம்விட்டு நிற்பதும் நடிப்புதான்.

அவர் பாட்டுகளை எங்களுக்குக் கொண்டுவந்தது இலங்கை வானொலி. கடல் தாண்டி வந்தாலும் இங்கே தெளிவாகக் கேட்கும். ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீநிவாசும் பாடினால், வலை பின்னுகிற கை கொஞ்சம் நிற்கும். அது அவர்கள் குரல் என்று பலருக்குத் தெரியாது. ஜெமினி பாடுகிறார் என்றே சொல்வார்கள். அவ்வளவு பொருந்தியிருந்தது.

சொந்த வாழ்க்கையில் அவர்மேல் குறை உண்டு. ஏற்கெனவே மணமானவர், சாவித்திரியையும் மணந்தார். பிறகு இருவரும் பிரிந்தார்கள். நினைவிழந்து மாதக்கணக்கில் கிடந்து 1981-இல் சாவித்திரி போனபோது, எங்கள் தெருப் பெண்கள் ஜெமினியைத் திட்டித் தீர்த்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. 1971-இல் பத்மஸ்ரீ வாங்கியவர், 2005 மார்ச்சில் காலமானார்.

புயலில் எங்கள் கொட்டகையும் போய்விட்டது. மாதங்கள் கழித்துத் திரும்பப் போட்டபோது, ‘கல்யாணப் பரிசு’தான் மறுபடி வந்தது. தனுஷ்கோடிச் சொந்தங்களில் மூன்று பேரை இழந்திருந்த அம்மா, என்னையும் கூட்டிக்கொண்டு போய் மணலில் உட்கார்ந்தார். திரையில் ஜெமினி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

“பாருடா, இவுக பொழைச்சு வந்துட்டாக.”