பித்தக் குழாய் அறுவைக்குப் பின் வரும் ஆண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். புற்றுநோய் அல்லாத காரணங்களால் பித்தக் குழாயில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம்தான் இன்று பேசப்போகிறேன். வீட்டில் இருப்பவர்களும் சேர்ந்து கேட்டால் நல்லது.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் ஒரு மெல்லிய குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு இறங்குகிறது. சிலருக்கு அந்தக் குழாய் பிறவியிலேயே பைபோல வீங்கியிருக்கும். ஆனால் நாங்கள் அதிகம் பார்ப்பது, பித்தப்பையை எடுக்கும்போது பக்கத்துக் குழாயில் பட்டுவிடும் காயத்தை. ஆயிரம் பேரில் சிலருக்குத்தான் இப்படி நேர்கிறது. நேர்ந்துவிட்டால் அது சின்ன விஷயம் இல்லை.

சரி, எப்படிச் சரிசெய்கிறோம்? கெட்டுப்போன பகுதிக்கு மேலே நல்ல நிலையில் இருக்கும் குழாயைச் சிறுகுடலோடு நேரடியாகத் தைத்து இணைக்கிறோம். இதற்காகக் குடலை 'ஒய்' வடிவில் அமைக்கும் முறைக்கு சுவிட்சர்லாந்து அறுவை நிபுணர் சேசர் ரூவின் பெயர்தான் வழங்குகிறது. இதில் தேர்ந்த குழு செய்தால், பல ஆண்டுகள் கழித்தும் 10 பேரில் 8, 9 பேர் நன்றாக இருக்கிறார்கள். அந்த முதல் இணைப்பு யார் கையில் நடக்கிறது என்பது மிக முக்கியம். அவசரப்பட்டுத் தைப்பதைவிட, கசியும் பித்தநீரை வெளியேற்றக் குழாய் வைத்து, அனுபவமுள்ள மையத்துக்கு அனுப்புவதே பெரும்பாலும் மேல்.

மீதி ஒன்றிரண்டு பேருக்குத் தைத்த இடம் மறுபடி சுருங்குகிறது. பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளுக்குள் தெரிந்துவிடும். ஆனால் 10 ஆண்டு கழித்து வந்தவர்களும் உண்டு. அதனால்தான் 'அஞ்சு வருஷம் ஆச்சே, இனி எதுக்கு டெஸ்ட்' என்று யாராவது கேட்டால் எனக்குக் கவலையாகிவிடுகிறது. கல்லீரலின் ஒரு பக்கக் குழாய் மட்டும் அடைபட்டால் காமாலையே தெரியாமல் போகலாம், மறுபக்கம் ஈடுகொடுத்துவிடும். ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவு மட்டும் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். கவனிக்காமல் விட்டால் கல்லீரல் இறுகி சிரோசிஸ் வரை போகும். ஆண்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், குளிர்நடுக்கத்தோடு வரும் காய்ச்சல். உங்களுக்கு அது சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பித்தக் குழாயில் கிருமி தொற்றியிருக்கலாம். அது ரத்தத்தில் பரவ நேரம் ஆகாது. போகும்போது அறுவைக் குறிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். குடலின் பாதை மாறியிருப்பதால் வழக்கமான எண்டோஸ்கோப்பி அந்த இணைப்பை எட்டுவது கடினம். பல நேரம் தோல் வழியாகக் கல்லீரலுக்குள் ஊசி செலுத்தி, சுருங்கிய இடத்தைப் பலூனால் விரிக்க வேண்டியிருக்கும். புதிய மருத்துவருக்கு அந்தக் குறிப்பு இருந்தால் நேரம் வீணாகாது. அதைப் படமெடுத்து போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி சுருங்கினாலும் பயந்துவிட வேண்டாம். பலூனிலோ இன்னொரு அறுவையிலோ பெரும்பாலானவர்களைச் சரிசெய்ய முடிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடல் தேறிய பிறகும் மனம் தேறப் பலருக்கு நாளாகிறது. சின்ன ஆபரேஷன் என்று நம்பிப் போனவருக்கு அந்தப் பயமும் கோபமும் நெடுநாள் இருப்பது இயல்புதான். பரிசோதனைக்கு வரும்போது அதையும் சொல்லுங்கள். அதைக் கேட்பதும் எங்கள் வேலைதான். வணக்கம்.