ஆட்சி மாறும், ஒட்டுக்கேட்கும் காது மாறாது

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கருத்துக்கணிப்பிலிருந்து தொடங்குகிறேன். 2006 ஜனவரியில் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டது. பயங்கரவாதத்தைத் தடுக்க என்று சொல்லி, அமெரிக்க உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமை செய்கிற கண்காணிப்பை ஏற்கிறீர்களா? குடியரசுக் கட்சி ஆதரவாளர்களில் 75 சதவீதம் பேர் ஏற்கிறோம் என்றார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்களில் 37 சதவீதம்தான். ஏழு ஆண்டு கழித்து, 2013 ஜூனில், அதே முகமையின் கண்காணிப்பைப் பற்றி மறுபடி கேட்டார்கள். குடியரசுக் கட்சியில் ஏற்பவர்கள் 52 சதவீதமாகக் குறைந்துவிட்டார்கள். ஜனநாயகக் கட்சியில் 64ஆக உயர்ந்துவிட்டார்கள்.

கேள்வியின் வாசகம் இரண்டு முறையும் அச்சு அசலாக ஒன்றல்ல, உண்மைதான். ஆனால் பெரிதாக மாறியது அது இல்லை. முதல் முறை கேட்டபோது வெள்ளை மாளிகையில் இருந்தவர் குடியரசுக் கட்சியின் புஷ். இரண்டாம் முறை ஜனநாயகக் கட்சியின் ஒபாமா. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்போமே, அந்தப் பழமொழியை இப்படிப் புள்ளிவிவரமாகவே யாரோ எழுதிக் காட்டியதுபோல இருந்தது எனக்கு.

இந்த இரண்டு தேதிகளுக்கும் பின்னால் இரண்டு செய்திகள் இருக்கின்றன. 2005 டிசம்பர் 16 அன்று நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. நீதிமன்ற வாரண்ட் இல்லாமலே அமெரிக்காவுக்குள் இருப்பவர்களின் சர்வதேச அழைப்புகளை அரசு ஒட்டுக்கேட்கிறது என்று. அரசு கேட்டுக்கொண்டதால் அந்தச் செய்தியை அவர்கள் ஓராண்டுக்கு மேல் கையிலேயே வைத்திருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. வெளியானதும் புஷ், இதை வெளியில் சொன்னது வெட்கக்கேடான செயல் என்றார். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கொதித்தார்கள். கொதித்தது சரிதான்.

அப்புறம் 2013 மே மாதம். ஏமனில் முறியடிக்கப்பட்ட ஒரு வெடிகுண்டுச் சதியைப் பற்றி அசோசியேட்டட் பிரஸ் என்கிற செய்தி நிறுவனம் செய்தி போட்டிருந்தது. அதைச் சொன்னது யார் என்று கண்டுபிடிக்க, அந்த நிறுவனத்தின் 20க்கும் மேற்பட்ட தொலைபேசி இணைப்புகளின் இரண்டு மாதப் பதிவுகளை ஒபாமா அரசின் நீதி அமைச்சகம் ரகசியமாக வாங்கிவிட்டது. அந்த அலுவலகங்களில் வேலை பார்த்த செய்தியாளர்கள் நூற்றுக்கும் மேல். அதே மாதம் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. வடகொரியா பற்றிய ஒரு செய்திக்காக ஃபாக்ஸ் நியூஸ் செய்தியாளர் ஜேம்ஸ் ரோசனின் மின்னஞ்சலைத் திறக்க வாரண்ட் வாங்கியிருந்தார்கள். வெளியுறவு அமைச்சகக் கட்டடத்துக்குள் அவர் எப்போது போனார், எப்போது வந்தார் என்பதை அடையாள அட்டைப் பதிவிலிருந்து எடுத்திருந்தார்கள். நீதிமன்றத்தில் கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் அவரைக் கூட்டுச்சதியாளராக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கேள்வி கேட்டதுதான் அவர் செய்த வேலை. இப்போது கொதித்தவர்கள் குடியரசுக் கட்சிக்காரர்கள். அதுவும் சரிதான்.

இரண்டு கொதிப்புமே நியாயமானவை என்றுதான் நான் சொல்ல வருகிறேன். என் வருத்தமெல்லாம் அவற்றின் ஆயுளைப் பற்றியது. தேர்தல் முடிந்து நம் ஆள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கொதிப்பு ஆறிவிடுகிறது.

"பேசியதைக் கேட்கவில்லையே, எண்களைத்தானே எடுத்தோம்" என்று அரசு சொல்லும். 1979இல் உச்ச நீதிமன்றமும், நீங்கள் சுழற்றும் எண்ணை நீங்களே தொலைபேசி நிறுவனத்துக்குக் கொடுக்கிறீர்கள், அதில் அந்தரங்கம் எதிர்பார்க்க முடியாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. சரி, வெறும் எண்கள் என்ன சொல்லும் என்று பார்ப்போம்.

ஒரு தாளை மனதில் விரித்துக்கொள்ளுங்கள். நான்கு பத்தி: தேதி, நேரம், எண், எத்தனை நிமிடம். திங்கள் இரவு 10.40க்கு ஒரு செய்தியாளர் ஓர் அதிகாரியின் வீட்டு எண்ணுக்குப் பேசுகிறார், 2 நிமிடம். செவ்வாய் காலை அதே எண்ணிலிருந்து அவருக்கு அழைப்பு, 31 நிமிடம். அது முடிந்த கையோடு தன் ஆசிரியருக்கு, 6 நிமிடம். பிறகு பத்திரிகையின் வழக்கறிஞருக்கு. வியாழன் அன்று செய்தி வெளியாகிறது. அதற்கப்புறம் அந்த அதிகாரியின் எண் அந்தத் தாளில் வரவே இல்லை. இதில் ஒரு வார்த்தைகூட யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. சொன்னவர் யார், எப்போது துணிந்தார், எப்போது பயந்தார் என்று எல்லாமே அந்த நான்கு பத்தியில் இருக்கிறது. அதே தாளில் அந்தச் செய்தியாளரோடு வேறு விஷயங்களுக்காகப் பேசிய இன்னும் நாற்பது பேரின் எண்களும் இருக்கும். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அசோசியேட்டட் பிரஸ் தலைவர் கேரி ப்ரூயிட் வெளிப்படையாகவே சொன்னார், நீண்ட காலமாக நம்பிப் பேசியவர்கள் இப்போது எங்களிடம் பேசத் தயங்குகிறார்கள் என்று. அந்த மௌனம்தான் உண்மையான இழப்பு. எழுதாமல் போன செய்தியை யாரும் எண்ணிச் சொல்ல முடியாது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. எல்லா ரகசியமும் பொய் இல்லை. உளவு வேலையில் உயிரைப் பணயம் வைத்து நிற்கிற மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் வெளியே போனால் செத்துவிடுவார்கள். ஏமன் செய்தியையே அசோசியேட்டட் பிரஸ் அரசு கேட்டதற்காகச் சில நாள் நிறுத்தி வைத்துத்தான் வெளியிட்டது. கசிய விடுபவர் எல்லோரும் தியாகி என்றும் நான் சொல்ல மாட்டேன். என் கேள்வி, ஒரே தராசில் எல்லோரையும் நிறுக்கிறீர்களா என்பதுதான்.

2013 மார்ச் 12, செனட் உளவுக் குழுவின் கூட்டம். தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் செனட்டர் ரான் வைடன் கேட்கிறார்: பல லட்சம், பல கோடி அமெரிக்கர்களைப் பற்றி ஏதாவது ஒரு வகைத் தகவலைத் தேசியப் பாதுகாப்பு முகமை திரட்டுகிறதா? இந்தக் கேள்வியை முதல் நாளே அவருக்கு அனுப்பியிருந்தார்கள். கிளாப்பர் தலையைத் தடவிக்கொண்டே, "இல்லை ஐயா" என்கிறார். தெரிந்து செய்வதில்லை என்று சேர்த்துக்கொள்கிறார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த முகமையில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் கொடுத்த ஆவணம் ஜூன் 5 அன்று கார்டியன் பத்திரிகையில் வந்தது. வெரைசன் தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகளை நாள்தோறும் மொத்தமாகக் கொடுக்க வேண்டும் என்ற ரகசிய நீதிமன்ற உத்தரவு அது. கேள்வி கேட்ட வைடனும் ஜனநாயகக் கட்சி, பதில் சொன்னவரை நியமித்த அதிபரும் ஜனநாயகக் கட்சி. அதனால்தான் வைடன்மேல் எனக்குத் தனி மரியாதை.

தான் சொன்னது தவறு என்று கிளாப்பர் பிறகு கடிதம் எழுதினார். அவர்மேல் வழக்கு எதுவும் வரவில்லை. வடகொரியச் செய்திக்குத் தகவல் கொடுத்த ஒப்பந்த ஊழியருக்கு 13 மாதம் சிறை. ரகசியக் குறிப்பேடுகளைத் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம் கொடுத்த தளபதி டேவிட் பெட்ரேயஸ் 2015இல் ஒரு லட்சம் டாலர் அபராதம் கட்டினார், இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறை இல்லை. பதவியின் உயரத்துக்கு ஏற்றபடி தண்டனை குறைகிறது என்றால், அங்கே காக்கப்படுவது ரகசியம் இல்லை.

இதற்கு விமோசனமே இல்லையா? இருந்திருக்கிறது. 1971 மார்ச் 8 இரவு, உலகமே முகமது அலி, ஜோ ஃப்ரேசியர் குத்துச்சண்டையில் காதை வைத்திருந்தபோது, பென்சில்வேனியாவில் மீடியா என்கிற சிறிய ஊரின் எஃப்பிஐ அலுவலகத்துக்குள் எட்டுப் பேர் பூட்டைத் திறந்து நுழைந்தார்கள். அள்ளிய கோப்புகளைப் பத்திரிகைகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள். ஒவ்வொரு தபால் பெட்டிக்குப் பின்னாலும் ஒரு எஃப்பிஐ ஆள் நிற்கிறான் என்ற நினைப்பை உண்டாக்க வேண்டும் என்கிற குறிப்பு அதில் இருந்தது. குற்றவாளியைப் பிடிப்பதற்கான திட்டமா அது? குடிமக்களைப் பயந்தே வாழ வைப்பதற்கான திட்டம்.

அங்கே தொடங்கிய வெளிச்சம்தான் 1975இல் செனட் விசாரணைக் குழுவரை வந்தது. தலைவர் ஃபிராங்க் சர்ச், ஜனநாயகக் கட்சி. துணைத் தலைவர் ஜான் டவர், குடியரசுக் கட்சி. அந்தக் குழுவின் உழைப்பு இல்லாவிட்டால், உளவுக் கண்காணிப்புக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்ற 1978ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்காது. 2013இல் வெளியிடப்பட்ட பழைய ஆவணங்களில் இன்னொன்றும் தெரிந்தது. தேசியப் பாதுகாப்பு முகமையின் அந்தக் காலக் கண்காணிப்புப் பட்டியலில் முகமது அலி இருந்தார். ஃபிராங்க் சர்ச்சும் இருந்தார். அதே குழுவில் உட்கார்ந்திருந்த குடியரசுக் கட்சிக்காரர் ஹோவர்ட் பேக்கரும் இருந்தார்! பிற்காலக் கதையும் அப்படித்தான். முதல் டிரம்ப் ஆட்சியில் ஒரு கசிவு விசாரணைக்காக நாடாளுமன்ற உறுப்பினர்கள் இரண்டு பேர், ஊழியர்கள் 43 பேரின் தொடர்புப் பதிவுகளை எடுத்தார்கள். அந்த ஊழியர்களில் இரண்டு கட்சிக்காரர்களும் உண்டு.

வாக்கெடுப்புகளைப் பார்த்தாலும் இது தெரியும். 2013 ஜூலையில், பிரதிநிதிகள் சபையில், அழைப்புப் பதிவுகளை மொத்தமாகத் திரட்டுவதை நிறுத்தச் சொல்லி, குடியரசுக் கட்சியின் ஜஸ்டின் அமாஷும் ஜனநாயகக் கட்சியின் ஜான் கான்யர்ஸும் சேர்ந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். 205க்கு 217 என்று தோற்றது. ஆதரித்தவர்கள் குடியரசுக் கட்சியில் 94, ஜனநாயகக் கட்சியில் 111. இரு கட்சிகளின் சபைத் தலைவர்கள், போனரும் பெலோசியும், சேர்ந்து எதிர்த்தார்கள். தோற்றாலும் அந்த 205 வீண் போகவில்லை. 2015 ஜூனில் மொத்தத் திரட்டலை நிறுத்தும் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டம் எந்த ஒரு கட்சியின் வெற்றியும் இல்லை.

2024 ஏப்ரலில் அதே சபையில் இன்னொரு வாக்கெடுப்பு. வெளிநாட்டவரைக் கண்காணிக்கும்போது சிக்குகிற அமெரிக்கர்களின் உரையாடலைத் தேடிப் படிக்க வாரண்ட் வேண்டுமா? 212க்கு 212. சமமானால் தோல்வி என்பது சபை விதி. ஒரே ஒரு கை கூடுதலாக உயர்ந்திருந்தால் போதும்.

கடைசியாக, அண்மைக் கதை. டிரம்ப் காலத்தில் செய்தியாளர்களின் பதிவுகளை எடுத்தது 2021இல் வெளியானபோது, பைடனின் அட்டர்னி ஜெனரல், அதாவது நீதி அமைச்சகத்தின் தலைவர், மெரிக் கார்லண்ட் இனி அப்படி எடுப்பதில்லை என்று விதி செய்தார். அதை விதியாக விடாதீர்கள், சட்டமாக்குங்கள் என்று அப்போதே பலர் மன்றாடினார்கள். 2024 ஜனவரியில் பிரதிநிதிகள் சபை அப்படி ஒரு மசோதாவை எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது. நவம்பரில், குடியரசுக் கட்சியினர் இந்த மசோதாவைக் கொன்றாக வேண்டும் என்று டிரம்ப் எழுதினார். ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்த செனட் பதினோரு மாதம் அதைக் கிடப்பில் போட்டிருந்தது. டிசம்பரில் எடுத்தபோது ஒரே ஒரு உறுப்பினரின் ஆட்சேபத்தில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் அப்போதைய அட்டர்னி ஜெனரல் பாம் பாண்டி ஓர் உத்தரவில் கார்லண்டின் விதியை ரத்து செய்தார்.