ஒலியைக் கூட்டினால் நின்றுபோகும் சப்வூஃபர்

நேயர்களுக்கு வணக்கம். காரில் பாட்டுக் கேட்பதில் ஆர்வம் உள்ளவர்களில் பலர், டிக்கியில் தனியாக ஒரு சப்வூஃபரும், அதாவது கனத்த தாழ்ந்த ஓசைக்கான பெரிய ஸ்பீக்கரும், அதை இயக்க ஓர் ஆம்ப்ளிஃபையரும் பொருத்தியிருப்பார்கள். ஒலி குறைவாக இருக்கும்வரை குறையேதும் தெரியாது. சற்றுக் கூட்டி வைத்ததும், தவிலின் கனத்த அடி விழும் இடத்தில் வூஃபர் சட்டென்று நின்றுபோய், மற்ற ஸ்பீக்கர்கள் மட்டும் பாடிக்கொண்டிருக்கும். ஒலியைக் குறைத்தால் வூஃபர் திரும்ப வந்துவிடும். உடனே, ஆம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதியதை வாங்குகிறார்கள். வாகன மின்வேலையில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில், இந்தச் செலவு பெரும்பாலும் தேவையற்றது என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

ஆம்ப்ளிஃபையர் இப்படி நின்றுவிடுவது பல நேரங்களில் பழுது அன்று, அது தன்னைக் காத்துக்கொள்ளும் செயல். தனக்கு வரும் வோல்டேஜ் மிகவும் இறங்கினாலும், தாங்கக்கூடிய அளவுக்கு மேல் கரண்ட் போனாலும், அளவு மீறிச் சூடானாலும், அதனுள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று ஒலியை நிறுத்திவிடும். எனவே எதையும் கழற்றுவதற்கு முன், வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒருவர் பாட்டைக் கூட்ட, இன்னொருவர் பின்னால் நின்று ஆம்பின் விளக்கைப் பார்க்க வேண்டும். வூஃபர் நிற்கும் நொடியில் புரொடெக்ட் விளக்கு, பெரும்பாலும் சிவப்பு, எரிந்தால் ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்கிறது. எல்லா விளக்குகளும் அணைந்துவிட்டால் ஃபியூஸிலோ, ஆம்பை ஆன் செய்யச் செட்டிலிருந்து வரும் ரிமோட் கம்பியிலோ தொடர்பு விடுகிறது. வழக்கமான விளக்கு மாறாமல் எரிந்துகொண்டிருக்க வூஃபர் மட்டும் நின்றால், பாட்டைக் கொண்டுவரும் கம்பியையோ வூஃபரையோதான் சந்தேகிக்க வேண்டும்.

நிற்கும் விதத்தையும் காதால் கவனியுங்கள். ஒவ்வோர் அடிக்கும் நின்று, அடுத்த நொடியே வந்தால் வோல்டேஜ் இறங்குகிறது. கால் மணி, அரை மணி ஓடிய பிறகு நின்று, ஆறிய பிறகு வந்தால் அது சூடு. இந்த இரண்டில் முதலாவதைத்தான் நான் அதிகம் காண்கிறேன் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஏறத்தாழ 14 வோல்ட் இருக்கும். இஞ்சினை அணைத்தால் நல்ல பேட்டரியில் 12.6 அளவில் நிற்கும். உண்மையாகவே 500 வாட் தரும் ஆம்ப் ஒன்று, உள்ளே வெப்பமாகப் போவதையும் சேர்த்து, முழு ஓசையில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கை நம்பாமல், ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், என்று போட்டிருப்பதைப் பாருங்கள். இந்த 50 ஆம்பியரையும் முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து டிக்கிவரை, ஏறக்குறைய 5 மீட்டர் தூரம், ஒரு கம்பி சுமந்து வர வேண்டும். வீட்டு ஒயரிங்குக்குப் பயன்படும் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் போட்டால் அந்த ஒரு கம்பியிலேயே 1 வோல்ட் போய்விடும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு கால் வோல்ட் அளவுதான். மலிவான கிட்களில் வரும் கம்பி பார்ப்பதற்குத் தடிமனாக இருந்தாலும், ரப்பரைச் சீவினால் உள்ளே செம்புப் பூச்சிட்ட அலுமினியம் இருப்பதுண்டு. அதில் இழப்பு இன்னும் கூடும்.

போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வந்தாக வேண்டும் என்பதை மறப்பதால்தான் பாதித் தொல்லை. பேட்டரியிலிருந்து வரும் சிவப்புக் கம்பிக்குக் காட்டும் அக்கறையை, ஆம்பிலிருந்து வண்டியின் இரும்பு உடலுக்கு, அதாவது பாடி எர்த்துக்கு, போகும் கறுப்புக் கம்பிக்கு யாரும் காட்டுவதில்லை. ஒரு சுற்றுலா வேன் என்னிடம் வந்தது. பாட்டைக் கூட்டினால் ஒவ்வோர் அடிக்கும் வூஃபர் நின்றது. உரிமையாளர் முதலில் ஆம்பை மாற்றினார், அதுவும் பெரியதாகவே வாங்கினார். தொல்லை கூடிற்று, ஏனென்றால் பெரிய ஆம்ப் இன்னும் அதிகம் இழுத்தது. பிறகு பேட்டரியையும் மாற்றினார்; அதனாலும் பயன் இல்லை. பாட்டு ஓடும்போது பேட்டரி முனையில் அளந்தேன், 14 வோல்ட்டுக்கு அருகிலேயே இருந்தது. ஆம்பின் முனையில் அளந்தேன், அடி விழும்போதெல்லாம் 10-க்குக் கீழே போயிற்று. சிவப்புக் கம்பியோ நல்ல செம்பு, தடித்தது. பாடி எர்த் எங்கே என்று தேடி, தரை விரிப்பைத் தூக்கினால், பெயின்ட்டின் மேலேயே லக்கை, அதாவது கம்பி முனையின் உலோக வளையத்தை, வைத்து முறுக்கியிருந்தார்கள். எர்த்தை மல்டிமீட்டரின் பீப் ஒலி வைத்துச் சோதித்துப் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது என்று உரிமையாளர் சொன்னார். அந்தப் பீப் ஒலிதான் பலரையும் ஏமாற்றுகிறது. அந்த இணைப்பில் 0.05 ஓம் தடை இருந்தாலும் மீட்டர் பீப் என்றுதான் சொல்லும். ஆனால் 50 ஆம்பியர் ஓடும்போது அதே தடை 2.5 வோல்ட்டை விழுங்கிவிடும். பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவினேன். அந்த வேன் புறப்பட்டபோது ஒலி முழு அளவில் இருந்தது, வூஃபர் ஒருமுறைகூட நிற்கவில்லை.

எனவே எர்த்தைச் சோதிக்கும்போது பாட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆம்பின் எர்த் திருகிலும், மறு முனையை அருகில் உள்ள பாடியின் வெறும் இரும்பிலும் வையுங்கள். ஏறத்தாழப் பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் தொல்லை அங்கேதான். பாட்டின் அடி வேகமாக வந்து போவதால் மீட்டர் அதை முழுமையாகப் பிடிக்காது. 50 ஹெர்ட்ஸ் ஓசையைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டுச் சில நொடிகள் மட்டும் அளந்தால் தெளிவாகத் தெரியும். எர்த்தை சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டாதீர்கள். அது உயிரைக் காக்கும் போல்ட், அதைக் கழற்றவே கூடாது. பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ் இல்லாத வண்டியானால், வேறு எதையும் பார்க்கும் முன் அதைப் போடுங்கள்.

அடுத்து ஓம் கணக்கு. இரண்டு 4 ஓம் வூஃபர்களை இணையாகச் சேர்த்தால் 2 ஓம் ஆகும். பிரிட்ஜ் செய்த, அதாவது இரண்டு சேனல்களை ஒன்றாகச் சேர்த்த, ஆம்பில் மாட்டும் வூஃபர் 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று அதன் கையேட்டில் இருந்தால், குறைந்த ஒலியில் பொறுத்துக்கொள்ளும், கூட்டியதும் நின்றுவிடும். சூட்டைப் பற்றியும் கேய்ன் திருகைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஆம்பைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விடுங்கள். கேய்ன் என்பது வால்யூம் அன்று, செட்டிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு, அதை முழுவதும் திருப்பி வைக்காதீர்கள்.

விளக்கு மாறாமலே வூஃபர் நிற்பவர்களுக்கு ஒன்று. ஆம்பை அணைத்து, வூஃபரின் கம்பிகளைக் கழற்றி, அதன் இரு முனைகளில் மீட்டரை ஓமில் வைத்து, கூம்பை இரு கைகளாலும் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது மீட்டரில் அளவு அறுந்து அறுந்து போனால் உள்ளே கம்பி விட்டிருக்கிறது. அப்போது வூஃபரைச் சரிசெய்யவோ மாற்றவோ செய்யுங்கள். வணக்கம்.