உறக்கத்தில் தடைபடும் மூச்சும் இதயத்தை ஆளும் நரம்புகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

குறட்டை விடுபவர் நிம்மதியாக உறங்குகிறார் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உரக்கக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர் திடீரென ஓசை அடங்கி, சற்று நேரம் கழித்து உடல் உலுக்கிப் பெருமூச்சு வாங்கி, மீண்டும் குறட்டையைத் தொடங்கினால், அந்த இடைவெளியில் அவருடைய நுரையீரலுக்குக் காற்றே செல்லவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். இவ்வாறு 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோவதைத்தான் மருத்துவர்கள் ஸ்லீப் அப்னியா, அதாவது உறக்க மூச்சுத்தடை என்கிறார்கள். மூச்சு நிற்பதும் பெரிதும் குறைவதுமாக மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ நிகழ்ந்தால் நோய் கடுமையானது. அப்படியானால், இரவு முழுவதும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை உடல் மூச்சுக்குத் தவிக்கிறது. இந்தத் தவிப்பு இதயத்தை ஆளும் நரம்புகளை என்ன செய்கிறது என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

இதயத்துக்குத் தானாகத் துடிக்கத் தெரியும். ஆனால் எவ்வளவு விரைவாக, எவ்வளவு வலுவாகத் துடிக்க வேண்டும் என்பதைப் பெரிதும் நிர்ணயிப்பது தானியங்கு நரம்பு மண்டலம். அதன் பரிவு நரம்புகள் துடிப்பை விரைவுபடுத்தி, இரத்தக் குழாய்களைச் சுருக்கி, அழுத்தத்தை உயர்த்துகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகளில் முதன்மையான வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் வேகஸின் கை ஓங்கிப் பரிவு நரம்புகள் அடங்கிவிடுவதால், நலமாக உள்ள ஒருவருக்கு இரவில் இரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை இறங்குகிறது. இதயமும் இரத்தக் குழாய்களும் ஓய்வெடுக்கும் பொழுது அதுதான்.

மூச்சுத்தடை உள்ளவருக்கு அந்த ஓய்வு வாய்ப்பதில்லை. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்ள, உதரவிதானம் மட்டும் விடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. வாயையும் மூக்கையும் இறுக மூடிக்கொண்டு மூச்சை உள்ளிழுக்க முயன்றால் உண்டாவது போன்ற இழுவை அப்போது மார்புக்குள் உண்டாகி, இதயத்தின் சுவர்களையும் விரிக்கிறது. அந்த இழுவையை எதிர்த்தே இதயம் இரத்தத்தை வெளியேற்றியாக வேண்டும். இதற்கிடையே இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது. கழுத்தின் இருபுறமும் கரோட்டிட் தமனி கிளை பிரியும் இடத்தில், சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு சிற்றுறுப்பு இதை உடனே உணர்ந்து மூளைத்தண்டுக்கு அறிவிக்கிறது. பெல்ஜியத்தின் கோர்னே ஹேமன்ஸ் 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றதே, மூச்சை ஒழுங்குபடுத்துவதில் இப்பகுதியின் பங்கைக் கண்டறிந்ததற்காகத்தான்.

அடுத்து நடப்பது மிகவும் கவனிக்கத்தக்கது. வழக்கமாக ஒன்று ஓங்கினால் மற்றொன்று தணியும் இருவகை நரம்புகளும் இப்போது ஒரே நேரத்தில் தூண்டப்படுகின்றன. வேகஸ் இதயத்தின் துடிப்பைக் குறைக்க, பரிவு நரம்புகள் கை கால்களின் இரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. நீரில் மூழ்கும் பாலூட்டிகள், இருக்கும் ஆக்சிஜனை இதயத்துக்கும் மூளைக்கும் மிச்சப்படுத்திக்கொள்வதும் இதே முறையில்தான். பிறகு மூளை நொடிப்பொழுது விழித்து, தொண்டை திறந்து, மூச்சு பாய்கிறது. வேகஸின் பிடி சட்டெனத் தளர்ந்து இதயம் விரைந்தோடுகிறது. குழாய்களோ இன்னும் இறுகியே இருக்கின்றன. சுருங்கிய குழாய்களுக்குள் இரத்தம் வேகமாகத் தள்ளப்படும் அந்தக் கணத்தில்தான் இரத்த அழுத்தம் உச்சத்துக்குச் செல்கிறது. இரவெல்லாம் எடுத்த இதய மின்பதிவில் இந்த மந்தமும் விரைவும் அலையலையாக மாறி மாறி வருவதைக் கண்ணாலேயே காணலாம். உறங்குபவருக்கோ காலையில் ஒன்றும் நினைவிருப்பதில்லை.

இது இரவோடு முடிந்துவிட்டால்கூட ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம்; முடிவதில்லை என்பதே என் கவலை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் விரேந்த் சோமர்ஸ் குழுவினர், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறமாக ஓடும் நரம்பில் மிக மெல்லிய ஊசி மின்முனையைச் செலுத்திப் பரிவு நரம்புகளின் சமிக்ஞைகளை நேரடியாகப் பதிவு செய்தார்கள். 1995-இல் வெளியான அந்த ஆய்வில், இந்நோயாளிகள் விழித்திருந்து இயல்பாக மூச்சுவிடும்போதும் அச்சமிக்ஞைகள் மிகுதியாகவே இருந்தன. இரவில் பழகிய பதற்றத்தை நரம்பு மண்டலம் பகலிலும் கைவிடவில்லை. அழுத்தம் ஏறும்போது அதைத் தணிக்க வேண்டிய அனிச்சைச் செயலும் மழுங்குகிறது. துடிப்புக்குத் துடிப்பு இருக்க வேண்டிய இயல்பான சிறு வேறுபாடும் குறைகிறது. மூன்று வகை மாத்திரைகளுக்கும் அடங்காத இரத்த அழுத்தத்துக்குப் பின்னால் பல நேரங்களில் இந்நோய் ஒளிந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதய மேலறைகள் ஒழுங்கற்றுத் துடிக்கும் நோயும் இவர்களிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. பொதுவாகத் திடீர் இதய மரணங்கள் காலை நேரத்தில்தான் அதிகம். ஆனால் மூச்சுத்தடை உள்ளவர்களிடையே நிகழ்ந்த அத்தகைய மரணங்களில் ஏறக்குறைய பாதி, நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையே நிகழ்ந்ததாக 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்திய சிபாப் கருவி, முகமூடி வழியே காற்றை மெல்லிய அழுத்தத்துடன் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கிறது. அணிந்த இரவிலேயே இரத்த அழுத்தத்தின் உச்சங்கள் அடங்கிவிடும். பகல்நேரப் பரிவு நரம்புத் தூண்டல் தணியவோ பல மாதங்கள் ஆகும். ஏற்கெனவே இதய, மூளை இரத்தக் குழாய் நோயுள்ள 2,700-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2016-இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வில், இக்கருவி மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைத்ததாகத் தெரியவில்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. அதில் பங்கேற்றோர் ஓர் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே கருவியை அணிந்திருந்தார்கள். எஞ்சிய நேரமெல்லாம் தொண்டை முன்போலவே மூடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

ஆகவே, இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது உறக்கத்தைப் பற்றியும் கூறுங்கள். காலைத் தலைவலி, பகல் தூக்கம், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது ஆகியவற்றை அற்பமென்று விட்டுவிடாதீர்கள். மூச்சுத்தடையால் விரியும் இதய மேலறைகள் சுரக்கும் ஹார்மோன்கூடச் சிறுநீரைப் பெருக்கும். முடிந்தால் அருகில் உறங்குபவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மூச்சு நின்றதைக் கண்டவர் அவர்தான்.

வணக்கம்.