வெளுத்த நுரையீரல்

நேயர்களுக்கு வணக்கம். எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் கறுப்பாக இருக்க வேண்டும். கறுப்பு என்றால் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம். நிமோனியாவோ ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்றோ முற்றிப்போனால், சிலருக்கு இரண்டு பக்கமும் அந்தக் கறுப்பு வெளுத்துவிடும். காற்றுப்பைகளில் நீர் கசிந்துவிட்டது. ஐ.சி.யூ.வில் இதை ஏ.ஆர்.டி.எஸ். என்போம், கடும் மூச்சுத்திணறல் நோய்க்குறி.

'படம் முழுக்க வெள்ளையா இருக்கே, ரொம்ப மோசமா டாக்டர்?' என்று உறவினர்கள் கேட்பார்கள். படத்தை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. 2012-இல் வந்த பெர்லின் வரையறை, ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை நாம் கொடுக்கும் ஆக்சிஜனின் விகிதத்தால் வகுக்கச் சொல்கிறது. விடை 200-க்கு மேல் 300 வரை என்றால் லேசானது. 100-க்கு மேல் 200 வரை நடுத்தரம். 100-ம் அதற்குக் கீழும் கடுமை. இரண்டு பக்கமும் வெளுத்திருக்கிறதா என்பதோடு எக்ஸ்ரேயின் வேலை அங்கே முடிந்துவிடுகிறது. அதிலும் ஒரே படத்தைப் பார்த்து இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வதுண்டு. அதனால்தான் படத்தை நான்காகப் பிரித்து, வெள்ளையின் பரப்புக்கும் அடர்த்திக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டுப் பெருக்கும் முறை ஒன்று வந்தது. நான்கையும் கூட்டினால் அதிகபட்சம் 48.

சரி, சி.டி. ஸ்கேனுக்கு வருவோம். நுரையீரல் முழுவதும் ஒரே மாதிரி விறைத்துவிட்டது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1980-களில் இத்தாலிய மருத்துவர் கட்டினோனியும் அவர் குழுவினரும் சி.டி. எடுத்துப் பார்த்தால், மல்லாந்து படுத்திருப்பவரின் முதுகுப்பக்கம்தான் அதிகம் வெளுத்திருந்தது. முன்பக்கம் காற்று இருந்தது. காற்று போய்வரும் பகுதியோ ஒரு குழந்தையின் நுரையீரல் அளவுக்கே மிஞ்சியிருந்தது. 'குழந்தை நுரையீரல்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். குழந்தைக்குப் பெரியவர் அளவில் காற்றை அடித்தால் என்ன ஆகும்? அதனால்தான் இன்று வென்டிலேட்டரில் மூச்சின் அளவைக் குறைத்து வைக்கிறோம். கடுமையானவர்களை நாளுக்கு 16 மணி நேரமாவது குப்புறப் படுக்க வைக்கிறோம்.

ஆனால் இத்தனை குழாய்களோடு ஒருவரை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோய் வருவதே ஆபத்து. அப்புறம் அல்ட்ராசவுண்ட் கட்டிலருகிலேயே வந்துவிட்டது. மார்பில் 12 இடங்கள், இடத்துக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 36. 2023-இல் வந்த புதிய வரையறை அதையும் ஏற்றுக்கொண்டது. ஆழத்தில் இருக்கும் கோளாறு அதற்குத் தெரியாது, பார்ப்பவரின் கைப்பழக்கமும் வேண்டும். ஆனாலும் காலையிலும் மாலையிலும் பார்த்து ஒப்பிடலாம் என்பது பெரிய சௌகரியம்.

இன்னொன்று. இதயம் பலவீனமாகி நீர் கோத்தாலும் படம் இதே மாதிரி வெளுக்கும். அதனால் அல்ட்ராசவுண்ட் கருவியைக் கையில் எடுத்தால், இதயத்தின் மேலும் ஒரு முறை வைத்துப் பார்க்காமல் நான் கீழே வைப்பதில்லை.