ஓர் ஆசிரியர் கல்விப் பதவிக்கு நின்றால் என்ன மாறும்? நேயர் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் அனுப்பிய கேள்வி இந்த வாரம் முழுவதும் என் மனத்தை விட்டு அகலவில்லை. "அரசியல் பின்புலம் இல்லாத ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு மாநிலம் முழுமைக்குமான கல்விப் பதவிக்குத் தேர்தலில் நின்று வெல்ல முடியுமா? வென்றால் பள்ளிகளை மாற்ற முடியுமா?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

முதற்பாதிக்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலமே விடை சொல்கிறது. நம் நாட்டில் கல்வி அமைச்சரை முதலமைச்சர் தேர்வு செய்கிறார். அங்கே பொதுக்கல்விக் கண்காணிப்பாளர் என்னும் பதவிக்கு நான்காண்டுகளுக்கு ஒருமுறை மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள். 2018இல் அப்பதவிக்கு வென்றவர் கேத்தி ஹாஃப்மன். முதலில் மழலையர் பள்ளி ஆசிரியையாகவும், பின்னர் பள்ளியில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பவராகவும் இருந்தவர். அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை.

பேச்சுப் பயிற்சி என்பது எத்தகைய பணி என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். திக்கிப் பேசும் குழந்தை, சில ஒலிகள் நாவில் வராத குழந்தை, கேலிக்கு அஞ்சி வாயே திறக்காத குழந்தை என ஒவ்வொருவர் எதிரிலும் தனித்தனியே அமர்ந்து, நாள்தோறும் பொறுமையோடு செய்யும் பணி அது. அக்குழந்தைகளுக்கு அந்த உதவி கிடைப்பதற்கு அடிப்படை, 1975இல் தோன்றிய, மாற்றுத்திறனுடைய குழந்தைகளின் கல்விக்கான கூட்டாட்சிச் சட்டம், அதாவது எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான நாட்டுச் சட்டம். 2017 ஜனவரியில், நாட்டின் கல்வித்துறைச் செயலர் பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த பெட்சி டெவோஸை அமெரிக்க மேலவைக் குழு விசாரித்தபோது, அந்தச் சட்டத்தைப் பற்றிய கேள்விக்கு, அது மாநிலங்களிடம் விடப்பட வேண்டியது என்று அவர் விடையளித்தார். அது கூட்டாட்சிச் சட்டம் என்று சுட்டிக்காட்டிய பின்னரே, தாம் குழம்பியிருக்கலாம் என்றார். அந்த விசாரணையைப் பார்த்ததுதான் தம்மைத் தேர்தலில் நிற்கத் தூண்டியது என்று ஹாஃப்மன் சொல்லியிருக்கிறார். நாள்தோறும் அந்தச் சட்டத்தின் கீழ் குழந்தைகளோடு உழைத்த ஒருவருக்கு அக்காட்சி எவ்வளவு வேதனை தந்திருக்கும் என்பதை நம் ஆசிரியைகள் உடனே உணர்வார்கள்.

வேட்பாளரைத் தேர்வு செய்ய அவருடைய கட்சிக்குள் நடந்த தேர்தலில் முன்னாள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் டேவிட் ஷாபிராவையும், பொதுத்தேர்தலில் கலிபோர்னியாவிலிருந்து முன்பு நாடாளுமன்றத்துக்குச் சென்ற ஃபிராங்க் ரிக்ஸையும் அவர் தோற்கடித்தார். 2019 ஜனவரியில் பதவி ஏற்றபோது, குழந்தைகளுக்கான கதைப் புத்தகம் ஒன்றின் மீது கைவைத்து உறுதிமொழி எடுத்தார். எனக்கு அது மிகவும் பிடித்த செய்தி.

ஆயினும் நேயர் கேட்ட இரண்டாம் பாதியையே நான் பெரிதாகக் கருதுகிறேன். உண்மையில் அதைத்தான் அவர் முதலில் கேட்டிருக்க வேண்டும். நம் உரைகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது நினைவிருக்கும்: ஒரு பதவியின் பெயரைப் பார்க்காதீர்கள், சட்டம் இயற்றுவது யார், பணம் ஒதுக்குவது யார், நடைமுறைப்படுத்துவது யார் என்று பிரித்துப் பாருங்கள். அரிசோனாவில் பணத்தை ஒதுக்குவது சட்டமன்றம். கொள்கை விதிகளை வகுப்பது மாநிலக் கல்வி வாரியம், அதில் கண்காணிப்பாளர் ஓர் உறுப்பினர் மட்டுமே. அவருடைய துறைக்கு உரியது நடைமுறைப்படுத்தும் பொறுப்பு. 2018 ஏப்ரல் இறுதியில் பல்லாயிரம் ஆசிரியர்கள் சிவப்புச் சட்டை அணிந்து ஊதிய உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் தலைநகர் பீனிக்ஸில் சட்டமன்ற வளாகத்தின் முன்தான் திரண்டார்கள். கல்வித் துறை அலுவலகத்துக்குப் போய்ப் பயனில்லை என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

இன்னும் கூர்மையான சான்று ஒன்று உண்டு. அரசுப் பணத்தைப் பெற்றோரின் கணக்கில் செலுத்தி, தனியார் பள்ளிக் கட்டணத்துக்கும் அதைச் செலவிட அனுமதிக்கும் திட்டம் அங்கே 2011இல் மாற்றுத்திறனுடைய மாணவர்களுக்காகத் தொடங்கியது. அதை எல்லா மாணவர்களுக்கும் விரிவாக்கும் சட்டத்தை, ஹாஃப்மன் வென்ற அதே 2018 நவம்பர் தேர்தலில், வாக்காளர்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். 2022இல் சட்டமன்றம் அதை மீண்டும் கொண்டுவந்தது. ஆளுநர் டக் டூசி கையெழுத்திட்டார். விரிவாக்கத்தை ஹாஃப்மன் வெளிப்படையாக எதிர்த்தார். ஆனால் அத்திட்டத்தை நிர்வகிக்க வேண்டியது அவருடைய துறையே என்பதால், தாம் எதிர்த்த சட்டத்தைத் தாமே செயல்படுத்தும் கடமை அவர்மேல் விழுந்தது. சட்டம் இயற்றுவது யார், நடைமுறைப்படுத்துவது யார் என்று நான் பிரித்துக் கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

அதே ஆண்டு நவம்பரில், 2003 முதல் 2011 வரை அப்பதவியில் இருந்த டாம் ஹார்னிடம் அவர் தோற்றார். ஏறத்தாழ 25 லட்சம் வாக்குகளில் வேறுபாடு சுமார் 9,000 மட்டுமே; வாக்குகள் மறுபடியும் எண்ணப்பட்டன, முடிவு மாறவில்லை. இதை வைத்து ஆசிரியர்கள் இப்பதவிக்குப் பொருந்தமாட்டார்கள் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒரு சட்டம் வகுப்பறையில் எந்தக் குழந்தையைத் தொடுகிறது என்று அறிந்தவர் அந்த நாற்காலியில் இருப்பது மிகவும் தேவை. ஆகவே கேள்வி அனுப்பிய ஆசிரியைக்கு என் விடை இது: நில்லுங்கள், வெல்லவும் முடியும். ஆனால் நிற்பதற்கு முன், உங்கள் பள்ளிக்கான நிதியை முடிவு செய்யும் அவை எது என்று பாருங்கள். ஒருவேளை நீங்கள் நிற்க வேண்டிய தேர்தல் அந்த அவைக்கானதாக இருக்கலாம்.