பெட்டி மேல் மூன்று பெயர்கள்

எல்லோருக்கும் வணக்கம். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு வணக்கம். அவர்களைவிட அதிக சர்வீஸ் போட்ட வீட்டம்மாக்கள் பின் வரிசையில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனியாக ஒன்று.

'தலைமுறை தலைமுறையாகப் பட்டாளம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். நோட்டீசில் என் பெயருக்கு முன்னால் 'வீரப் பரம்பரையில் வந்த' என்றும் போட்டுவிட்டார்கள். நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள். கரப்பான் பூச்சி பறந்தால் இன்றைக்கும் நாற்காலி மேல் ஏறி நிற்பேன். அதனால் இந்தப் பரம்பரை சமாசாரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. கறுப்புப் பெயிண்ட் அடித்தது, மூடியில் வெள்ளை எழுத்தில் நம்பர், பெயர், யூனிட். வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அந்த எழுத்துக்கு அடியில் இன்னொரு வரி எழுத்து மேடு தட்டி நிற்கும். விரலால் தடவினால் அதற்கும் கீழே ஒன்று. மேலே இருப்பது அண்ணன், நடுவில் அப்பா, அடியில் தாத்தா. மூன்று பேரும் பெங்களூர் போய், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தவர்கள். அங்கே சாப்பர்களுக்குச் செல்லப் பெயரே 'தம்பி'தான். தாத்தாவையும் தம்பி என்றார்கள், பேரனையும் தம்பி என்றார்கள்.

தாத்தா 1942-ல் சேர்ந்தார். ஏன் சேர்ந்தீர்கள் என்று சின்ன வயதில் கேட்டேன். நாட்டுப்பற்று, வீரம் என்று ஏதாவது சொல்வார், பேச்சுப் போட்டியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஆசை. அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "ஏரி வத்திப்போச்சு. அங்கே ரெண்டு வேளை சோறு போடுறான்னாங்க" என்றார். அவ்வளவுதான். எங்கள் வீரப் பரம்பரை அந்த ஏரியில்தான் தொடங்குகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தாத்தாவுக்கு அப்பா காலத்தில் அவரே ஆசைப்பட்டுப் போயிருந்தாலும் சேர்ப்பது கஷ்டம். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்துக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் என்ற துரை, தென்னாட்டுக்காரன் போர்க்குணத்தை இழந்துவிட்டான் என்று முடிவு கட்டினார். அப்புறம் அவரே இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானார். சீக்கியர், கூர்க்கா, பட்டாணியர் என்று 'போர்க்குடிகள்' பட்டியல் தடித்தது. முதல் உலகப் போர் முடிந்த பிறகு மெட்ராஸ் காலாட்படையை ஒவ்வொன்றாகக் கலைத்தே விட்டார்கள். சாப்பர்கள் மட்டும் பிழைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து, சுமார் 2 லட்சமாக இருந்த இந்திய ராணுவத்தை 25 லட்சமாக்க வேண்டியபோது, போர்க்குடி எது போகாத குடி எது என்று பார்க்க நேரமில்லை. மெட்ராஸ் ரெஜிமென்ட்டைத் திரும்ப எழுப்பினார்கள். வட ஆற்காடு ஜில்லாவில் வீரம் இடையில் எங்கேயோ வெளியூர் போய்விட்டுத் திரும்பி வந்ததா என்ன? ஆள் எடுக்கிற மேசை போனது, வந்தது. அதுதான் நடந்தது.

ராபர்ட்ஸ் துரைக்குப் பதில் சொன்னவர் ஒருவர் உண்டு, வாயால் அல்ல. சுபேதார் சுப்பிரமணியன், செங்கல்பட்டு ஜில்லாக்காரர், இதே மெட்ராஸ் சாப்பர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ. கூட வந்தவர் காலில் கண்ணிவெடி தட்டிவிட்டது. வெடிக்க ஒரு சில நொடி. சுபேதார் மற்றவர்களைக் காப்பாற்ற அதன் மேல் விழுந்து மூடிக்கொண்டார். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது கொடுத்தார்கள்.

சரி, பரம்பரைக்கு வருவோம். நாலு தலைமுறைப் பட்டாளம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே ஞாபகம் வருவது ஒரு பஞ்சாபிக் குடும்பம். கேத்தர்பால். சர்கோதா ஊர்க்காரர்கள், இன்று அது பாகிஸ்தானில். கொள்ளுத்தாத்தா ரஞ்சித் சிங் வளர்த்த கால்சா படையில் இருந்தவர், 1849-ல் சிலியன்வாலாவில் ஆங்கிலேயனை எதிர்த்துச் சண்டை போட்டவர். தாத்தா முதல் உலகப் போரில் அதே ஆங்கிலேயனுடைய படையில். அப்பா எம்.எல். கேத்தர்பால், வெள்ளைக்காரன் காலத்தில் சேர்ந்து, சுதந்திர இந்தியாவின் ராணுவப் பொறியியல் பிரிவில் பிரிகேடியர் ஆனார். மகன் அருண். கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலு தலைமுறை, மூன்று கொடி. 'வழிவழியாக நாட்டுக்கு உழைத்த குடும்பம்' என்று மேடையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எந்த நாட்டுக்கு என்று அந்தக் கொள்ளுத்தாத்தா எழுந்து வந்து கேட்டால் என்ன சொல்வோம்?

அருண் 1971 ஜூனில் அதிகாரியாகிப் பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையில் சேர்ந்தார். டிசம்பரில் போர். பயிற்சி வகுப்பில் இருந்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். போகிற வழியில் வீட்டுக்கு வந்து, கோல்ஃப் மட்டைகளைப் பெட்டியில் வைத்தாராம், லாகூரில் விளையாட வேண்டும் என்று. இருபத்தொரு வயசு, அப்படித்தான் பேசும். அம்மா விடை கொடுத்தபோது, உன் தாத்தாவும் அப்பாவும் எப்படிச் சண்டை போட்டார்கள், அதை நினைத்துக்கொள், கோழையாகத் திரும்பாதே என்ற பொருளில் சொன்னார் என்று எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கை தட்டுவார்கள். எனக்குத் தட்ட வந்ததில்லை. அந்த அம்மா அதற்கப்புறம் எத்தனை ராத்திரி அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்திருப்பார் என்றுதான் தோன்றும்.

டிசம்பர் 16. ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரை. அருணுடைய டாங்கிக்குப் பெயர் 'ஃபாமகுஸ்டா'. அது அடிபட்டு எரிகிறது, இறங்கிவிடு என்று ரேடியோவில் உத்தரவு வருகிறது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, இறங்க மாட்டேன் என்றார். எதிரி டாங்கிகளை அடித்துக்கொண்டே இருந்தார், தானும் அடிபட்டார். மறுநாள் போர் நிறுத்தம். ஒரே ஒரு நாள்! பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 2001-ல், 81 வயதில், பிரிகேடியர் கேத்தர்பால் தான் பிறந்த மண்ணைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் பிரிகேடியர் நாசர் என்பவர் வீட்டில் தங்கல். அப்படி ஓர் உபசாரம். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி நாசர் அவரைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப்போய், ஒன்று சொல்ல வேண்டும் என்றார். பசந்தரில் எதிர்ப் பக்கம் நின்றது நான், உங்கள் மகன் என் கையால்தான் இறந்தான் என்றார். முப்பது வருடம் அதைச் சுமந்திருக்கிறார் அந்த மனிதர். கிழவர் அவரைப் பழிக்கவில்லை. அவரும் பட்டாளத்துக்காரர்தானே, தெரியாதா என்ன? டாங்கிக்குள் உட்கார்ந்திருப்பவன் எதிரில் வருவது யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதில்லை. பிற்பாடு நாசர் ஒரு போட்டோவை அனுப்பியபோது, அருணை அசைக்க முடியாத பாறை என்று எழுதியிருந்தார்.

குடகுக்காரர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். நம் ராணுவத்துக்கு முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா கதை உங்களுக்கே தெரியும். 1965 போரின் கடைசி நாளில் மகனுடைய ஹன்டர் விமானத்தைச் சுட்டு வீழ்த்திப் பிடித்தார்கள். பாகிஸ்தான் ஜனாதிபதி அயூப் கான் ஒரு காலத்தில் கரியப்பாவுக்குக் கீழே வேலை பார்த்தவர். விட்டுவிடட்டுமா என்று கேட்டு அனுப்பினார். பிடிபட்ட எல்லாருமே என் பிள்ளைகள்தான், எல்லாரையும் நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று பதில் போயிற்று. பெரிய வார்த்தை.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது திம்மய்யா வீடு. மடிக்கேரியில் 'சன்னி சைடு' என்ற பங்களா, கொஞ்ச காலம் ஆர்டிஓ ஆபீஸாக லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது மியூசியம். அந்த வீட்டில் மூன்று ஆண் பிள்ளைகள், மூன்று பேரும் அதிகாரிகள். மூத்தவர் பொன்னப்பா, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். நடுவில் திம்மய்யா, அதே போரில் பர்மாவில் ஆங்கிலேயர் பக்கம் படை நடத்தினார், பின்னாளில் ராணுவத் தளபதியும் ஆனார். கடைசித் தம்பி சோமய்யா, சுதந்திரம் வந்த கையோடு காஷ்மீரில் கண்ணிவெடியில் போனார். மூன்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தது ஒரே அப்பா அம்மா. ரத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்றால் அந்த ரத்தம் ஏன் மூன்று பக்கம் ஓடியது?

அப்படியானால் தலைமுறை விட்டுத் தலைமுறைக்குப் போவதுதான் என்ன? எங்கள் வீட்டைச் சொல்கிறேன். நம்ம கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்கிறோம், அந்த ஊரிலும் இதே கதைதான் இருக்கும்.

அண்ணன் செலக்‌ஷனுக்குப் போவதற்கு ஆறு மாதம் முன்பே அப்பா கொல்லையில் ஒன்பதடிக்குப் பள்ளம் வெட்டினார். தாண்டு என்றார். வேப்பமரக் கிளையில் தொங்கு, பீம் வரும், அதாவது கம்பியில் தொங்கி உடம்பை மேலே தூக்க வரும் என்றார். முந்தின வாரம் அண்ணனை உட்கார வைத்து, காதில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, டாக்டரிடம் கூட்டிப்போய் அழுக்கை எடுத்துவிட்டார். ஓட்டத்தில் ஜெயித்தவன்கூட மெடிக்கலில் காது அழுக்கால் திரும்பி வருவான், அது அப்பாவுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பையன் அண்ணனைவிட வேகமாக ஓடுவான். அவன் வீட்டில் சொல்ல ஆளில்லை. அண்ணன் தேறினான், அவன் திரும்பி வந்தான். நான் கண்ணால் பார்த்த பரம்பரை அந்த எண்ணெய்க் கிண்ணம்தான். ஒரு வீட்டுக்கு வழி தெரிந்திருக்கிறது, இன்னொரு வீட்டுக்குத் தெரியவில்லை.

பெண்கள் பக்கம் வேறு வித்தை. லெட்டர் முகவரியில் ஊர் பேர் இருக்காது, ராணுவத் தபால் நிலையத்தின் எண்தான் இருக்கும், 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ. எங்கள் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். 56 என்றால் மேற்கே, 99 என்றால் கிழக்கே. 1971-ல் இன்லேன்ட் கவரை வாங்கி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் திரும்பி விளக்கேற்றுவது என்று முடிவு செய்வார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை நான் படித்துச் சொல்வேன். "நலம், நலமறிய ஆவல்" தவிர அப்பா எதுவும் எழுதியதில்லை.

அப்பா இறந்த பிறகு குடும்பப் பென்ஷனுக்கு அம்மா அலைந்த கதை தனி. யூனிட் கிளார்க் என்றைக்கோ பார்ட் டூ ஆர்டர் என்ற குடும்ப விவரப் பதிவில் அம்மா பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டார். ஆதார் ஒரு பெயர், டிஸ்சார்ஜ் புக் ஒரு பெயர். ஓர் அலுவலகத்தில் ஒரு தம்பி, "இந்தப் பேர்ல இருக்கறவங்கள கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். அம்மா, "நான் தேடிப் பார்க்கிறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். பதினான்கு மாதம் ஆயிற்று.

இப்போது 2022 ஜூன் முதல் அக்னிபாத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம். நாலு வருடம், அதற்கப்புறம் நூற்றுக்கு 25 பேர் வரை வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்கு ஏறத்தாழ 11 லட்சத்து 71 ஆயிரம் கொடுத்து அனுப்புவார்கள். பென்ஷன் கிடையாது. முன் வரிசை ஐயாக்கள் சிலருக்கு இதில் வேறு கருத்து இருக்கலாம், இளமையான படை வேண்டும் என்ற வாதமும் காதில் விழுகிறது. நான் என் கணக்கைச் சொல்கிறேன். அப்பா பதினைந்து வருடத்துக்கு மேல் போட்டு வாங்கிய பென்ஷனில்தான் நாங்கள் படித்தோம், வீட்டுக்கு மாடி எடுத்தோம், அண்ணன் ஆறு மாதம் வேலைக்குப் போகாமல் பள்ளம் தாண்டினான். எங்கள் பரம்பரை நின்றதே அந்த மாதப் பணத்தின் மேல்தான். அதை எடுத்துவிட்டுப் பரம்பரை மட்டும் வேண்டும் என்றால் எப்படி?

அண்ணனுக்கு ஒரே மகள். போன தீபாவளிக்கு வந்தவள் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்தாள். உடம்பு இளைக்கத்தான் என்று நினைத்தேன். ராணுவ போலீசில் பெண்களை எடுக்கிறார்கள் அத்தை, முதல் பேட்ச் 2021-லேயே பெங்களூரில் டிரெய்னிங் முடித்துவிட்டது என்றாள். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பையன் கேட்டிருந்தால் அன்றைக்கே பள்ளம் வெட்டியிருப்பான். இவளிடம் ஒரு வாரம் பேசவில்லை. நாலு வருடம்தானே, நடுவில் கல்யாணம் எப்படி என்று என்னிடம் வந்து முணுமுணுத்தான். உன்னை யாராவது கேட்டார்களா என்றேன். எட்டாம் நாள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து அவளைத் திண்ணையில் உட்காரச் சொன்னான்.

நேற்று போன் செய்தாள். அத்தை, அந்தப் பெட்டி எனக்கு வேண்டும் என்றாள். அதில் இரண்டு மூட்டை பொன்னி அரிசி கிடக்கிறது. கூட்டம் முடிந்து போகும்போது ஒரு பிளாஸ்டிக் டிரம் வாங்க வேண்டும்.